பெர்னி எண்ணிய நான்கு கட்டங்கள்

போர்ட் மேரியன் ஊரில் அந்த நாட்களில் திங்கட்கிழமைக் காலை என்றால் யாருக்கும் தொண்டை திறக்காது. ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் கத்தித் தீர்த்த குரல் செவ்வாய்க்கிழமைதான் திரும்பி வரும். ரொட்டிக் கடையில் விரலைக் காட்டித்தான் ரொட்டி கேட்பார்கள். தோற்ற வாரமென்றால் அந்த விரலும் மெதுவாகத்தான் எழும்பும்.

அப்படிப்பட்ட திங்கட்கிழமைகளில் முதலில் வேலைக்கு உட்காருகிறவள் பெர்னடின் ஷிமெக். எல்லோருக்கும் பெர்னி. மாதா கோயிலில் ஆறரை மணிப் பூசை பார்த்துவிட்டு, ஏரிக் காற்றுக்காகத் தலையில் கட்டிய துணியை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, கையால் பந்தெறிந்து ஆடும் அமெரிக்கக் கால்பந்துக் கழகத்து அலுவலகத்தின் பின்படி வழியாக நிலவறைக்கு இறங்குவாள். ஜன்னல் இல்லாத அறை. கதவைத் திறந்தால் படம் ஒட்டும் பசையின் வாசனை, கனிந்த வாழைப்பழம் மாதிரி முகத்தில் வந்து மோதும். புதிதாக வருகிறவர்களுக்குத் தலை சுற்றும். பெர்னிக்கு அது வீட்டு வாசனை.

ஞாயிறு ஆட்டத்தின் படச்சுருள் சுடச்சுட அவள் மேசைக்கு வரும். பந்து நம் ஆட்கள் கையில் இருந்த துண்டுகளை ஒரு சுருளாகவும், எதிராளி கையில் இருந்த துண்டுகளை இன்னொரு சுருளாகவும் வெட்டி ஒட்ட வேண்டும். பத்து மணிக்குப் பயிற்சியாளர்கள் வந்துவிடுவார்கள். வெட்டிய துண்டுகள் கொக்கிகளில் தொங்கி, கீழே துணி விரித்த தொட்டிக்குள் சுருண்டு கிடக்கும். அவற்றின் நடுவே பெர்னி வாயில் ஒரு துண்டைக் கவ்விக்கொண்டு, கையில் ஒரு துண்டை வெளிச்சத்துக்குக் காட்டிக்கொண்டு நிற்பாள். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவள். மீன் டப்பா ஆலையில் அப்பாவுக்குக் கை போனதும், ஒரு போட்டோக் கடை இருட்டறையில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கிருந்து 1955-இல் கழகத்துக்கு வந்தாள். கல்யாணம் ஆகவில்லை. கேட்டவர்களிடம், "வாரத்துக்கு நாப்பது ஆம்பளைங்கள வெட்டி ஒட்டறேன், இதுக்கு மேல ஒருத்தன் வேணுமா?" என்பாள்.

எண்ணுகிற வேலை தற்செயலாக வந்தது. ஒருநாள் தற்காப்பு வரிசைப் பயிற்சியாளர் வெண்டல் க்ரூபர், ஓர் ஆளின் கால்வேகத்தைப் பற்றி இன்னொருவரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். பெர்னி தலை நிமிராமலே சொன்னாள்: "எதுக்குச் சண்டை? படச்சுருள்ல ஒரு நொடிக்கு இருபத்துநாலு கட்டம் ஓடுது. எண்ணிப் பாத்தா தெரிஞ்சுட்டுப் போகுது."

அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. ஓரத்தில் நின்று பாய்கிறவன் ஒருவன் இருப்பான். எதிராளியின் பந்தெறிகிறவன் கையை ஓங்குவதற்குள், தன்னை மறிக்க நிற்கும் மலையைச் சுற்றி வளைந்து போய் அவனைச் சாய்ப்பதுதான் அவன் வேலை. அந்த வேலைக்குப் புது ஆள் எடுக்கும்போதெல்லாம் க்ரூபர் படத்தைக் கொண்டுவந்து பெர்னியின் மேசையில் வைப்பார். பந்து தரையிலிருந்து அசைந்த கட்டம் முதல், அவனுடைய பின்னங்கால் புல்லை விட்டு எழும் கட்டம் வரை எத்தனை என்று அவள் எண்ணிச் சொல்வாள். ஏழு என்றால் வேண்டாம். ஆறு சாதாரணம். ஐந்து என்றால் க்ரூபர் தொப்பியைக் கழற்றிவிட்டு உட்காருவார்.

கண் அலையாமல் இருக்க அவளே ஒரு வழி செய்துகொண்டிருந்தாள். சட்டைப் பெட்டி அட்டையில் கறுப்பு மை பூசி, நடுவில் காசளவு துளை போட்டு, படம் பார்க்கும் கண்ணாடி மேல் ஒட்டியிருந்தாள். துளைக்குள் அந்த ஒருவனுடைய கால்களும் பந்தும் மட்டும்தான் தெரியும். மேசை ஓரத்தில் கண்ணுக்குப் பாதுகாவலியான புனித லூசியாவின் சிறு படம். எண்ணத் தொடங்குமுன் அவளுக்கு ஒரு சின்ன ஜெபம், பிறகு மூன்று முறை எண்ணிக்கை. மூன்றும் ஒத்து வந்தால்தான் வாய் திறப்பாள். இருபத்திரண்டு வருடத்தில் பெர்னி சொன்ன எண்ணை யாரும் மறுத்ததில்லை.

1977 ஏப்ரலில் மான்டானா மாநிலத்திலிருந்து ஒரு தகரப் பெட்டி வந்தது. எல்க் ரிவர் என்ற சின்னக் கல்லூரி. போன நவம்பரில் ஆடிய ஒரே ஒரு ஆட்டத்தின் படம். ஆள் பெயர் ஆர்லன் ஸ்கோக். அவ்வளவு தூரம் யாரும் போய்ப் பார்த்ததில்லை. ஆறடி ஐந்து அங்குலம் உயரம், கைகள் முழங்காலைத் தொடும் என்று ஒரு காகிதம் மட்டும் இருந்தது.

பெர்னி எண்ணினாள். நாலு. கையைத் துடைத்துக்கொண்டு திரும்ப எண்ணினாள். நாலு. அதே ஆட்டத்தில் அவன் பாய்ந்த இன்னொரு துண்டை எடுத்தாள். அதிலும் நாலு.

மாடிப்படியில் ஏறி, "கோச், கொஞ்சம் கீழ வாங்க" என்றாள்.

"ஆறா?"

"வாங்களேன்."

"ஐயோ, அஞ்சா?" க்ரூபர் இரண்டிரண்டு படியாக இறங்கினார்.

"நாலு."

அவர் உட்காரக்கூட இல்லை. கையிலிருந்த விசையை அமுக்கிப் படத்தை முன்னும் பின்னும் ஆட்டினார். முன்னே, பின்னே, முன்னே, பின்னே. பயிற்சியாளர்கள் யாருமே ஒரு படத்தை நேராக ஓடவிட்டுப் பார்த்ததில்லை. ஒரு காலடியை இருபது தரம் முன்னும் பின்னும் உலுக்கிப் பார்ப்பதுதான் அவர்களுடைய பழக்கம்.

"மாதாவே!" என்றார் க்ரூபர். அவர் மாதாவை வேண்டாத லூத்தரன் சபைக்காரர். "பெர்னி, இத வெளிய மூச்சு விட்றாத."

கல்லூரி ஆட்டக்காரர்களைக் கழகங்கள் சுற்றுச் சுற்றாகப் பெயர் சொல்லி எடுக்கும் மே மாதத் தேர்வில், ஒன்பதாவது சுற்றில் ஆர்லன் ஸ்கோக்கின் பெயரைக் கழகம் சொன்னது. மற்றக் கழகத்துக்காரர்கள், "அது யாரு?" என்று காகிதத்தைப் புரட்டினார்களாம். க்ரூபர் அதைச் சொல்லிச் சொல்லி ஒரு வாரம் சிரித்தார்.

ஜூலையில் பயிற்சி முகாம். நாற்பது மைல் தள்ளி ஒரு கல்லூரியில் எல்லோரும் ஆறு வாரம் தங்குவார்கள். பெர்னிக்குப் படம் வெட்ட அந்த வருடம் கிடைத்த இடம் பெண்களுக்குச் சமையல் கற்றுக்கொடுக்கும் வகுப்பறை. நாலு அடுப்பு, ஆறு கழுவுதொட்டி, நடுவில் அவள் மேசை. ஜன்னலைத் திறந்தால் மைதானம்.

ஆர்லன் வந்தான். வைக்கோல் நிறத் தலைமுடி. யாரைப் பார்த்தாலும் தொப்பியைத் தொடுவான். அவனைப் பார்க்கிறவர்களுக்கு முதலில் கைகள்தான் கண்ணில் படும். கதவு வழியாக வரும்போது கைகளை எங்கே வைப்பது என்று அவனுக்கே தெரியாது.

முதல் நாள் நாற்பது கஜம் ஓடவிட்டார்கள். க்ரூபர் கடிகாரத்தைப் பார்த்தார், காதருகே வைத்துத் தட்டினார், மறுபடி ஓடவிட்டார். நாலே முக்கால் நொடிக்குள் வர வேண்டிய பையன் ஐந்தைத் தொட்டான். மறுநாள் மறிப்பவர்களுக்கு எதிராக நிறுத்தினார்கள். பந்து அசையும், எல்லோரும் பாய்வார்கள், ஆர்லனும் பாய்வான். நடுத்தரமாகத்தான் வந்தான். முகாமில் எடுத்த படத்தைப் பெர்னி எண்ணினாள். ஆறு. ஆறு. ஒரு தடவை ஏழு.

க்ரூபருக்கு வேறு எப்படி நினைக்கத் தோன்றும்? நாலில் வரத் தெரிந்தவன் ஆறில் வருகிறான் என்றால் அவன் உடம்பை மிச்சம் பிடிக்கிறான். கையெழுத்துப் போட்டாயிற்று, இனி எதற்குச் சிரமப்பட வேண்டும் என்று நினைக்கிறான்.

"ஸ்கோக்! மான்டானாவுல விட்டுட்டு வந்த காலை யாராவது பார்சல்ல அனுப்புவாங்களா?"

"நான் முழுசாத்தான் ஓடறேன், கோச்."

"முழுசு எதுன்னு எனக்குத் தெரியும்டா! படம் வெச்சிருக்கேன். போ, இரும்பைத் தள்ளு."

இரும்புச் சறுக்கு வண்டியை மைதானத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குத் தள்ள வேண்டும். மற்றவர்கள் குளிக்கப் போன பிறகும் ஆர்லன் தள்ளிக்கொண்டிருப்பான். பெர்னி ஜன்னல் வழியாகப் பார்ப்பாள். முதல் வாரம் அவளுக்கும் கோபம்தான். கடவுள் கொடுத்ததை ஒளித்து வைக்கிறானே பாவி என்று நினைத்தாள். மூன்றாவது வாரம் ஒருநாள் அவன் வண்டியின் மேல் நெற்றியை வைத்தபடி வாந்தி எடுத்தான். வாயைத் துடைத்துவிட்டுத் திரும்பத் தள்ளினான். பெர்னி ஜன்னலைச் சாத்திவிட்டாள்.

அந்த வாரச் செவ்வாய்க்கிழமை காலை க்ரூபர் சமையல் வகுப்புக்கு வந்து ஒரு கெட்டி அட்டையை மேசையில் போட்டார். "சாயங்காலம் நாலு மணிக்குப் பன்னிரண்டு பேரைக் கழிக்கறோம். ஸ்கோக்கும் போறான். இவன் படத்தைப் பெட்டியில போட்டு அனுப்பிடு."

அந்த அட்டை என்ன என்று பெர்னிக்குத் தெரியும். கழிக்கப்பட்ட ஒவ்வொருவனுக்கும் ஓர் அட்டை. மற்றக் கழகங்கள் போன் செய்து, "ஏன் விட்டீங்க?" என்று கேட்கும்போது அதைப் பார்த்துத்தான் பதில் சொல்வார்கள். ஆர்லனுடைய அட்டையில் க்ரூபரின் கொட்டை எழுத்தில் ஒரே வரி: வேகம் உண்டு, உழைப்பு இல்லை. அந்த வரி இருந்தால் எந்த ஊரிலும் எவனும் எடுக்கமாட்டான். வேகமில்லாதவனுக்குக்கூட வேறு இடம் கிடைக்கும். மனசில்லாதவனுக்கு இந்தத் தொழிலில் கதவே கிடையாது.

"ஒரு வரி எழுதறதுக்கு முன்னால அவன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா, கோச்?"

"என்னத்தக் கேக்கறது? படம் பொய் சொல்லாது. நீ பொய் சொல்லமாட்டே. அப்ப பொய் சொல்றது யாரு?"

அவர் போனபின் லூசியஸ் டாக்கெட் உள்ளே வந்தார். பதினோரு வருடம் ஆடிய மறிப்பவர், ஜார்ஜியாக்காரர். தன் கால்களைப் படத்தில் பார்க்க வாரம் ஒருமுறை வருவார். வாசற்படி அவருக்குக் குறுகல், பக்கவாட்டில்தான் நுழைய முடியும்.

"என்ன மிஸ் பெர்னி, அடுப்பு பத்தவைக்கலையா? ஒரு கேக் கூட இல்லாத சமையல் ரூம் இதுதான்."

பெர்னி சிரிக்கவில்லை. அட்டையைக் கவிழ்த்து வைத்தாள்.

"அந்த வைக்கோல் மண்டையன்தானே? அவனச் சோம்பேறிங்கறாங்க." டாக்கெட் ஒரு கழுவுதொட்டியின் விளிம்பில் சாய்ந்தார். "நான் எத்தனை சோம்பேறிய மறிச்சிருக்கேன் தெரியுமா? சோம்பேறி சாயறப்ப லேசாச் சாய்வான், அடி படாம. இந்தப் பய ஒவ்வொரு தடவையும் மூஞ்சியாலயே வந்து மோதறான். என் மார்ல அவன் பல்லுத் தடமே இருக்கு."

"நாலு கட்டத்துல வந்தவன், லூசியஸ். நானே எண்ணினேன்."

"அப்ப அவனை மறிச்சவன் எத்தனை கட்டம்?"

"யாரு?"

"அந்தப் படத்துல, இவன் எதிர்ல ஒருத்தன் நின்னிருப்பான்ல? என்னை மாதிரி ஒரு குண்டன். நாலுல வர்ற ஒருத்தன் முன்னால அவன் என்ன ஆனான்? கீழ விழுந்தானா, ஆளக் காணாமத் தேடினானா? எனக்கு அதுதான் வேணும். எல்லாரும் எப்பவும் ஓடறவனத்தான் எண்ணறீங்க."

டாக்கெட் போய்விட்டார். பெர்னி அவனை மறித்தவனை எண்ணியதே இல்லை. இருபத்திரண்டு வருடத்தில் ஒருத்தனைக்கூட எண்ணியதில்லை.

தகரப் பெட்டியைத் திறந்து சுருளை மாட்டினாள். மறிப்பவன் துளைக்குள் வரவில்லை. துளை போட்ட அட்டையை நகர்த்தினாள், பாதிதான் வந்தான். கடைசியில் நகத்தால் ஒட்டுத்தாளைக் கிளப்பி அட்டையையே உரித்து எடுத்தாள்.

படம் முழுதாகத் தெரிந்தது. தரையெல்லாம் பனி. பார்க்க வந்தவர்கள் போர்வைக்குள் மூட்டைகளாக உட்கார்ந்திருந்தார்கள். மறித்த பையனை எண்ணினாள். ஐந்து. முகாம் படத்தை எடுத்து டாக்கெட்டை எண்ணினாள், அவருக்கே ஏழு. பெயர் தெரியாத ஒரு கல்லூரியின் தொந்திப் பையனுக்கு ஐந்தா? அவனுக்குப் பக்கத்தில் நின்றவனை எண்ணினாள். அவனும் ஐந்து. படத்தை ஆட்டாமல், நேராக, அதன் போக்கில் ஓடவிட்டாள்.

வரிச்சட்டை போட்ட நடுவர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு, சாவி கொடுத்த பொம்மை மாதிரி குடுகுடுவென்று நடந்தார். போர்வைக்குள் இருந்த ஒரு பெண் கோழி கொத்துவதுபோல் கைதட்டினாள். மூலையில் ஒரு புள்ளிப் பலகை. அதில் விளக்கால் எழுதிய கடிகாரம் நாற்பத்தொன்றிலிருந்து நாற்பதுக்கு இறங்கியது. பெர்னி படத்தை நிறுத்திப் பின்னால் திருப்பினாள். நாற்பத்தொன்றுக்கும் நாற்பதுக்கும் நடுவில் எத்தனை கட்டம் என்று எண்ணினாள். இருபத்துநாலு இருக்க வேண்டும்.

பதினேழு.

நாற்பதுக்கும் முப்பத்தொன்பதுக்கும் நடுவிலும் பதினேழு.

சுவரில் இருந்த போனில் எல்க் ரிவர் கல்லூரியைக் கேட்டு வாங்கினாள். படம் எடுத்தவர் ஒரு பௌதிக வாத்தியார், கோடை விடுமுறையில் வீட்டில் இருந்தார்.

"அந்த ஆட்டமா? மறப்பேனாங்க! பூஜ்யத்துக்குக் கீழ எட்டு. எங்ககிட்ட இருக்கறது சாவி குடுக்கற கேமராதான். கோட்டுக்குள்ள வெச்சு சூடு காட்டிக் காட்டி எடுத்தேன். உள்ள இருக்கற எண்ணெய் உறைஞ்சு, அது கிழவன் மாடி ஏறற மாதிரி ஓடுச்சு. எங்க பையன் நல்லா ஆடறானா அங்க?"

பெர்னி என்ன பதில் சொன்னாள் என்பது அவளுக்கே நினைவில்லை.

கேமரா மெதுவாக ஓடியிருக்கிறது. அதனால் ஒரு நொடிக்குள் குறைந்த கட்டங்கள்தான் விழுந்திருக்கின்றன. அதை வழக்கமான வேகத்தில் ஓட்டினால் எல்லோரும் நிஜத்தைவிட வேகமாக ஓடுகிறார்கள். அவள் நாலு என்று எண்ணியது, சரியாக ஓடிய கேமராவில் கிட்டத்தட்ட ஆறு. பையன் மான்டானாவிலும் ஆறு, இங்கேயும் ஆறு. தன்னிடம் இருந்ததை எல்லாம் கொடுத்துக்கொண்டிருந்த ஒருவனைத்தான் மூன்று வாரமாக இரும்பைத் தள்ளவிட்டிருந்தார்கள்.

மணி பன்னிரண்டு ஆகியிருந்தது. கல்லூரியில் ஒரு சின்ன ஜெபக்கூடம் உண்டு. அவள் சபைக்குரியது அல்ல, ஆனாலும் போய் உட்கார்ந்தாள். சுருளைப் பெட்டிக்குள் போட்டு அனுப்பிவிட்டால் ஒருவருக்கும் தெரியப் போவதில்லை. படத்தை முழுசாக ஓடவிட்டுப் பார்க்கிறவர்கள் இந்தக் கழகத்தில் யாருமில்லை. பையன் எப்படியும் போகத்தான் போகிறான். இருபத்திரண்டு வருடம் ஆண்கள் மட்டுமே இருந்த ஒரு வீட்டில், "பெர்னி சொன்னா சரி" என்ற மூன்று சொல்லின் மேல்தான் அவள் உட்கார்ந்திருந்தாள். அது போனால் அவள் படம் ஒட்டுகிற ஒருத்தி, அவ்வளவுதான். இதையெல்லாம் அவள் ஆண்டவரிடம் மறைக்காமல் சொன்னாள். சொல்லி முடித்ததும் ஜன்னலுக்கு வெளியே இரும்பு வண்டி புல்லில் உரசும் சத்தம் கேட்டது. எழுந்துவிட்டாள்.

க்ரூபர் மைதானத்து ஓரத்தில் சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தார்.

"கோச், அந்த நாலு தப்பு."

"எந்த நாலு?"

"ஸ்கோக் பையனோட நாலு. அவன் ஆறு. எப்பவுமே ஆறுதான். கேமரா குளிர்ல மெதுவா ஓடியிருக்கு."

க்ரூபர் மெல்லுவதை நிறுத்தினார். "மூணு தடவ எண்ணினேன்னு சொன்னே."

"மூணு தடவையும் சரியாத்தான் எண்ணினேன். கடிகாரம் அந்தப் படத்துலயே இருந்துச்சு. நான்தான் அட்டை போட்டு மறைச்சுட்டேன்."

"பனி இருந்துச்சே! பனியப் பாத்தியா இல்லையா?"

"துளைக்குள்ள வெள்ளையாத் தெரிஞ்சுச்சு. வெள்ளைன்னு மட்டும்தான் நினைச்சேன்."

அவர் சாண்ட்விச்சைத் தாளில் சுற்றினார். "உன்னால நான் ஒரு ஒன்பதாவது சுற்ற வீணாக்கினேன். ஊரு சிரிக்கும். அதக்கூட விடு. அந்தப் பையன் மூஞ்சிக்கு நேரா நான் என்னென்ன சொல்லியிருக்கேன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும். சமையல் ரூம் வரைக்கும் கேட்டுச்சு."

"என் அம்மா கேட்டா செருப்பால அடிப்பா."

"அதுவும் தெரியும், கோச்."

அவர் வாய்க்குள் என்னவோ சொல்லிக்கொண்டு அவளோடு நடந்தார். சமையல் வகுப்பில் தானே குனிந்து நாற்பத்தொன்றிலிருந்து நாற்பதுவரை எண்ணினார். பதினாறு என்றார். திரும்ப எண்ணி, பதினேழு என்றார். பிறகு முகாமில் எடுத்த படங்களை எல்லாம் போடச் சொன்னார். ஆறு கட்டக்காரன் ஒருவனை ஆறு கட்டக்காரனாகவே முதல் தடவை பார்த்தார்.

"பாரு, டாக்கெட் அடிச்சுத் தள்ளறான். விழறான். எழுந்துட்டான். மறுபடி போறான். பந்து எறிஞ்சு முடிச்சாச்சு, இன்னும் போறான். பைத்தியம்."

"அப்ப வெச்சுக்கலாமா, கோச்?"

க்ரூபர் அவளைப் பார்க்கவில்லை. "முடியாது, பெர்னி. கணுக்கால் மடங்கல, பாரு. ஓரத்துல வளையற இடத்துல லாரி திரும்பற மாதிரி திரும்பறான். உழைச்சு வர்றது இல்ல அது, பிறப்புல வரணும். கை நீளம், நெஞ்சுறுதி, அதெல்லாம் இருக்கு. ஆனா ஓரத்துல பாயறதுக்கு எனக்கு ஏழு பேர் இருக்காங்க, இவன் எட்டாவது."

பெர்னி உண்மையைச் சொன்னதற்குப் பலனாகப் பையனுக்கு இடம் கிடைக்கும் என்று ஒரு மூலையில் நம்பியிருந்தாள். அது இல்லையென்று ஆனதும் படம் பார்க்கும் கருவியின் விளக்கை அணைத்தாள்.

க்ரூபர் கவிழ்ந்திருந்த அட்டையை எடுத்து இரண்டாகக் கிழித்தார். "வேற அட்டை இருக்கா?"

அவள் கொடுத்தாள். அவர் எழுதினார், அடித்தார், எழுதினார். வேகம் நடுத்தரம். ஓரத்துக்கு ஆகாது, உள்வரிசையில் முயன்று பார்க்கலாம். இவனைவிடக் கடினமாக உழைத்தவன் இந்த முகாமில் இல்லை.

"உள்வரிசையிலயா?"

"இன்னும் முப்பது பவுண்டு சதை போட்டா, நடுவுல நிக்கலாம். அங்க வளைய வேண்டாம், நேராப் போனா போதும். என்கிட்ட அதுக்கு நேரமில்ல. யாருகிட்டயாவது இருக்கும்."

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு கனடாவிலிருந்து ஒரு கழகத்துக்காரர் கூப்பிட்டார். போன் பெர்னியின் சுவரில்தான் இருந்தது. க்ரூபர் ஒரு காலைக் கழுவுதொட்டி மேல் வைத்துக்கொண்டு பேசினார்.

"ஸ்கோக்கா? ஆமா, விட்டுட்டோம்... இல்லய்யா, சோம்பேறின்னு யார் சொன்னது? நானா? நான் சொன்னேன்தான். தப்பாச் சொன்னேன். எங்க கணக்குல பிழை. பையன்மேல ஒரு குத்தமும் இல்ல... வேகம் வேணும்னா வேற ஆளப் பாரு. ஆட்டத்தோட கடைசிப் பாகத்துல, எல்லாரும் மூச்சு வாங்கறப்ப, இன்னும் தள்ளிக்கிட்டிருக்கறவன் வேணும்னா இவன எடு... சொல்றேன்ல, என் வாயால சொல்றேன்."

போனை வைத்துவிட்டுப் பெர்னியைப் பார்த்து, "உன் பேர நான் சொல்லல" என்றார்.

"சொல்லியிருக்கலாம்."

"எங்க கணக்குன்னுதான் சொன்னேன். நானும்தானே பாத்தேன்." அவர் வாசலில் நின்றார். "இனிமே குளிர் ஊர்ப் படம் வந்தா முதல்ல கடிகாரத்தப் பாரு." அவ்வளவுதான். அதற்குப் பிறகும் பன்னிரண்டு வருடம் படங்களைக் கொண்டுவந்து அவள் மேசையில்தான் வைத்தார்.

ஆர்லனிடம் கேமரா விஷயத்தை யாரும் சொல்லியிருக்கவில்லை. அவன் பத்தரை மணிக்குப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடைபாதையில் வந்தபோது பெர்னிதான் கூப்பிட்டாள். உட்கார நாற்காலி போட்டாள். அவன் உட்காரவில்லை, தொப்பியை நெஞ்சோடு வைத்துக்கொண்டு நின்றான். அவள் குளிரையும் கேமராவையும் அட்டையில் போட்ட துளையையும் ஒன்றும் விடாமல் சொன்னாள்.

"என்னால நீ மூணு வாரம் கெட்ட பேர் சுமந்தே. உன்கிட்ட மன்னிப்புக் கேக்கத்தான் கூப்பிட்டேன்."

ஆர்லன் தோளிலிருந்த பையைக் கீழே இறக்கி வைத்தான்.

"அப்ப நான் நாலு இல்லையா?"

"இல்லப்பா."

"எங்க ஊர்ல என்னை யாரும் வேகம்னு சொன்னதே இல்லைங்க, மிஸ் பெர்னி. அண்ணன்தான் வேகம். நான் மாட்டுக் கொட்டகைக்கு லாயக்கும்பார் எங்கப்பா. மே மாசம் உங்க ஆபீஸ்லேர்ந்து போன் வந்துச்சு. நாலு கட்டம், இந்த நாட்டுலயே இல்லன்னு கோச் சொன்னாரு. போனை வெச்சுட்டு வயல்ல ஓடிப் பாத்தேன். நெசமாவே வேகமா ஓடற மாதிரி இருந்துச்சு." அவன் மெல்லச் சிரித்தான். "இங்க வந்தப்பறம் எங்க போச்சு, எங்க போச்சுன்னு தேடிக்கிட்டே இருந்தேன். நான்தான் எங்கயோ தொலைச்சுட்டேன்னு நினைச்சேன். தொலைக்கலைன்னு தெரிஞ்சது நல்லதுதான்."

பெர்னிக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைக்கக் கைக்குட்டை கிடைக்காமல் படம் துடைக்கும் துணியால் துடைத்தாள்.

"கனடாக்காரர் கூப்பிட்டிருக்கார். கோச் உன்னைப் பத்தி நல்லபடியாச் சொல்லியிருக்கார். உள்ளபடியே சொல்லியிருக்கார்."

"சரிங்க." அவன் சுருள் மாட்டியிருந்த கருவியைப் பார்த்தான். "அந்தப் படத்த நான் பாத்ததே இல்ல. ஒரு தடவ போட்டுக் காட்டுவீங்களா?"

பெர்னி ஜன்னல் துணிகளை இழுத்துவிட்டு, சுவரில் நேராக ஓடவிட்டாள். பனியில் மூட்டை மூட்டையாக ஜனங்கள். நடுவர் குடுகுடுவென்று ஓடிவந்து பந்தை வைத்தார். எல்லோரும் குனிந்தார்கள். பந்து அசைந்தது. வரிசையின் ஓரத்திலிருந்து நீளக் கைக்காரன் ஒருவன் வில்லிலிருந்து விட்டதுபோலக் கிளம்பிப் போனான்.

ஆர்லன் வாயைத் திறந்துகொண்டு பார்த்தான். நடுவர் இடுப்பை ஆட்டி ஆட்டி மறுபடி வந்தபோது அவனால் அடக்க முடியவில்லை. அடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு சிரித்தான். "அவர் எங்க ஊர்ப் பல் டாக்டருங்க! அவரால குனியவே முடியாது, பாருங்களேன் எப்படி ஓடறாருன்னு!"

வெளியே விமான நிலையத்துக்குப் போகிற வண்டி ஹாரன் அடித்தது. பெர்னி நிறுத்தப் போனாள்.

"இருக்கட்டும், மிஸ் பெர்னி" என்றான் அவன், கண்ணை எடுக்காமல். "இன்னும் ஒரே ஒரு பாய்ச்சல்."